விட்டிலின் பிழையா? விளக்கின் பிழையா?

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு மழை இரவு. உணவை முடித்துக்கொண்டு எம் இல்லத்தார் அனைவரும் முன்னறையில் அமர்ந்திருந்தோம். முற்றத்துச் சுவரில் யாரோ ஈரத் துணியை வீசி எறிந்தாற்போல் ‘தொப்’பென்று ஓர் ஓசை கேட்டது. வௌவாலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வெளியே சென்ற எம் மகன், எட்டாம் வகுப்பில் பயிலுபவன், சென்ற வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தான். “அப்பா, சுவரில் ஒரு பூச்சி, என் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாற்போல் இருக்கிறது” என்றான். சிறுவர்கள் எதையும் பெரிதுபடுத்திக் கூறுவது இயல்பன்றோ? நகைத்தவாறே எழுந்து சென்றோம். சென்று கண்டபின் எம் நகைப்பு நின்றுவிட்டது. சிறுவன் சற்றும் மிகைப்படுத்தவில்லை.

எம் இல்லம் குமரி மாவட்டத்தில், குலசேகரத்திற்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இரப்பர்த் தோட்டங்களின் நடுவே அமைந்தது. பூச்சிகள் எமக்குப் புதியவை அல்ல. மழைக்காலத்தில் ஈசலும் வண்டும் விட்டிலும் கூட்டங்கூட்டமாக விளக்கைச் சூழும். காலையில் அவை செத்துக் கிடக்க, எம் இல்லத்தரசியார் முறத்தில் கூட்டி அள்ளி வெளியே கொட்டுவார். அவற்றுள் ஒன்றையேனும் குனிந்து பார்த்தோம் என்று நாம் கூற இயலாது. ஆனால் அன்று வந்த விருந்தினரைப் பாராமல் இருக்க எவராலும் இயன்றிராது.

செங்கல் நிறமும் பழுப்பும் கலந்த நான்கு அகன்ற சிறகுகள். அவற்றின் ஓரமெங்கும் கோலமிட்டாற்போல் வளைந்து செல்லும் மெல்லிய கோடு. ஒவ்வொரு சிறகின் நடுவிலும், முக்கோண வடிவில், கண்ணாடிச் சில்லைப் பதித்தாற்போன்ற ஒரு சிறு சாளரம். அதன் வழியாகப் பின்னாலிருந்த சுவரின் சுண்ணாம்பு வெண்மையாகத் தெரிந்தது. முன்சிறகுகளின் நுனி இரண்டும் வளைந்து, கறுத்த புள்ளியொன்று கண்போல் அமைந்து, பாம்பின் தலையைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் இருந்தன.

அச்சமும் துடைப்பமும்

சிறிது நேரத்தில் அண்டை வீட்டுப் பெரியவரும் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர், எம்மிடம் மிகுந்த அன்புடையவர். சுவரைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, “வாரியலை எடுத்து அடித்துப் போடுங்கள் தம்பி. இதன் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். மேலும், இவ்வளவு பெரிய பூச்சி இராத்திரி வீடு தேடி வருவது நல்லதற்கு அல்ல” என்றார். உள்ளே நோய்வாய்ப்பட்ட முதியோர் இருக்கும் வீட்டில் இத்தகைய சொல் எளிதில் தைத்துவிடும். எம் அன்னையாருக்கு அப்போது வயது 78. எம் இல்லத்தரசியார் ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டார். மகனோ, அதனைப் பிடித்து அட்டைப் பெட்டியில் அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தான்.

ஒருவர் கொல்லச் சொல்ல, ஒருவர் சிறைபிடிக்கச் சொல்ல, நாம் செய்வதறியாது நின்றோம். கொல்ல மனம் வரவில்லை. பெரியவரின் சொல்லை மறுக்கவும் துணிவில்லை. “முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம், பிறகு பார்க்கலாம்” என்று கூறிக் கைபேசியை எடுத்து வந்தோம். உண்மையைக் கூறுவதாயின், காலம் கடத்துவதற்காகவே படம் எடுக்கத் தொடங்கினோம்.

படம் பிடித்த கதை

முதற் படத்தை பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தோம். சுவர் வெள்ளை வெளேரெனப் பளிச்சிட, பூச்சி நிறமற்ற ஒரு கறையாகப் பதிவாயிற்று. அடுத்த நான்கு படங்கள் எம் கைந்நடுக்கத்தால் கலங்கிப் போயின. அப்போது மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கை விளக்கை நேராகப் பிடியாமல், ஒரு பக்கமாக, சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தான். சாய்ந்து விழுந்த அவ்வொளியில் சிறகின் மென்மயிரும் மேடுபள்ளமும் தெளிவாகத் தெரிந்தன. தன் பள்ளிப் பையிலிருந்து 15 செ.மீ. அளவுகோலையும் கொண்டுவந்து பூச்சியின் கீழே, அதனைத் தொடாமல் பிடித்தான். அளவுகோலின் இரு முனைகளையும் தாண்டிச் சிறகுகள் நீண்டிருந்தன. நுனிமுதல் நுனிவரை ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கும்.

மொத்தம் 14 படங்கள் எடுத்தோம். தேறியது ஒன்றே. அதுவும் எம் திறமையால் தேறியதன்று. சந்தடி கேட்டு மெல்ல நடந்து வெளியே வந்த எம் அன்னையார், அச்சமேதுமின்றி அருகே சென்று, “எவ்வளவு பெரிது!” என்று வியந்து சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். அக்கணம் எடுத்த படம் அது. சுருக்கம் விழுந்த கை ஒருபுறம். அக்கையைவிட அகன்ற சிறகுகள் மறுபுறம்.

அப்படத்தை நாகர்கோவிலில் கல்லூரியொன்றில் விலங்கியல் கற்பிக்கும் நண்பருக்கு உடனே அனுப்பினோம். சில நிமிடங்களில் அவரே தொலைபேசியில் அழைத்தார். “கொன்றுவிடவில்லையே?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. இல்லை என்றதும், அவர் நிதானமாக எமக்கு விளக்கம் தந்தார்.

வாயில்லாப் பிறவி

இது ‘அட்லஸ்’ விட்டில் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திலும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வகை. உலகில் உள்ள விட்டில்களுள் மிகப் பெரியவற்றின் வரிசையில் இவ்வினம் வைத்தெண்ணப்படுகிறது. வட கிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்படும் இதன் உறவினத்திற்கு 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் பெயரிட்டார். நம் பகுதிக்குரிய வகையை 1882இல் பிரெடெரிக் மூர் என்னும் ஆங்கிலேயர் தனியினமாக விவரித்து, ‘தப்ரோபானிஸ்’ என்று பெயர் சூட்டினார். தப்ரோபானே என்பது பண்டைய கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதனை ‘நாகசலபம்’ என்பர். சிறகு நுனியைக் கண்ட எவருக்கும் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். தன்னைத் தின்ன வரும் பறவையை அந்தப் பாம்புத்தலை மிரட்டக்கூடும் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

தூள் பட்டால் கண் போய்விடும் என்பது பற்றியும் கேட்டோம். விட்டில், வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் சிறகுகளை ஓடு வேய்ந்தாற்போல் மூடியிருக்கும் நுண்ணிய செதில்களே அத்தூள். எந்தத் தூசியும் கண்ணில் விழுந்தால் உறுத்தவே செய்யும், கழுவினால் போகும், பார்வையைப் பறிக்கும் நஞ்சு அதில் இல்லை. இவ்விட்டில் கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை.

கடிக்க அதற்கு வாயே இல்லை என்று நண்பர் கூறியபோதுதான் நாம் திடுக்கிட்டோம். வாயில்லாப் பிராணி என்று நாம் ஆடுமாடுகளைச் சொல்வதுண்டு. அவற்றிற்குப் பேச்சுத்தான் இல்லை. இவ்விட்டிலுக்கோ உண்ணும் வாயே வளர்ச்சியுறாமல் நின்றுவிட்டது. புழுப் பருவத்தில், ஒரு மாதத்திற்கும் மேலாக, கறுவா, எலுமிச்சை போன்ற மரங்களின் இலைகளை ஓயாது தின்று உடலில் சேர்த்துவைத்த கொழுப்பே சிறகு முளைத்தபின் அதன் முழுச் செலவுக்கும் முதல். அந்த முதல் தீர்ந்ததும் உயிரும் தீரும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குள் இணையைக் கண்டு, முட்டையிட்டு, தன் வாழ்வின் கடமையை முடித்தாக வேண்டும்.

“உங்கள் படத்தில் உள்ளது பெண் விட்டில்” என்றார் நண்பர். ஆணின் உணர்கொம்புகள் அகன்ற இறகுபோல் இருக்கும், பெண்ணினுடையவை ஒடுங்கியவை, வயிறும் பருத்திருக்கும். அந்த இறகுக் கொம்புகளால்தான் ஆண் விட்டில் இருளில், காற்றில் கலந்து வரும் பெண்ணின் மணத்தை மோப்பம் பிடித்துத் தேடி வருகிறது. பிரான்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாப்ர் இதனைத் தம் வீட்டிலேயே கண்டார். ஒரு நாள் காலை, அவரது ஆய்வறையில் கூட்டைக் கிழித்து வெளிவந்த ‘பெரு மயில்’ விட்டில் ஒன்றைக் கம்பி வலைக் கூண்டில் மூடிவைத்திருந்தார். அன்றிரவு அவருடைய சிறு மகன், பறவையளவு விட்டில்கள் வீட்டினுள் பறப்பதாகக் கூவி அழைத்தான். சென்று பார்த்தால், அந்த ஒரு பெண்ணை நாடி ஏறத்தாழ 40 ஆண் விட்டில்கள் வீடெங்கும் பறந்துகொண்டிருந்தன. இத்தகைய மணப்பொருள் ஒன்றைப் பட்டுப்பூச்சியிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்து, அதன் வேதியியல் அமைப்பை 1959இல் அறிவித்தவர் செருமானிய வேதியியலார் பூட்டெனான்ட். அதற்கு அவர் பயன்படுத்திய பெண் பூச்சிகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் எனின், ஒவ்வொரு பூச்சியிடமும் அம்மணம் எவ்வளவு நுண்ணிய அளவில் உள்ளது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவையனைத்தும் நிகழ்வது இருளில். ஏழோ பத்தோ இரவுகளே வாழ்வாகக் கொண்ட ஓர் உயிர், அவற்றுள் ஓர் இரவை எம் வீட்டு விளக்கடியில் வீணே கழித்துக்கொண்டிருந்தது.

அன்னையாரின் சொல்

அந்த விளக்கின் கதையையும் கூறியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே போன்றதொரு மழை இரவில், கழிவறைக்குச் செல்ல எழுந்த எம் அன்னையார் முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எமது இல்லம் பழைய அமைப்பு. கழிவறை முற்றத்தைத் தாண்டியே உள்ளது. அந்த நிகழ்ச்சிக்குப் பின்னரே வீட்டு முகப்பின் உச்சியில் வெண்ணிற எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்தினோம். மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கினால் விடியும்வரை எரியும். முற்றம் மட்டுமன்று, பக்கத்துத் தோட்டமும் பகல்போல் ஒளிரும். பெற்ற தாய்க்காக வைத்த விளக்கு. அதில் குற்றம் இருக்கக்கூடும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை.

நண்பர் கூறியவற்றை அன்னையாரிடம் எடுத்துரைத்தோம். அவர் அமைதியாகக் கேட்டார். பின்பு, “விளக்கை அணைத்துவிடு மக்களே. அது வழி தவறி வந்து நிற்கிறது” என்றார்.

“இரவில் நீங்கள் எழுந்து போக வேண்டுமே அம்மா?”

“இன்றைக்கு ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கென்ன?”

விளக்கை அணைத்தோம். அண்டை வீட்டுப் பெரியவர் தலையை அசைத்துக்கொண்டே விடைபெற்றார். துடைப்பம் தன் மூலைக்குத் திரும்பியது. மகன் சற்று நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். இரவு பதினொரு மணியளவில் சன்னலருகே துணியை உதறினாற்போல் சிறகோசை கேட்டது. கை விளக்குடன் சென்று பார்த்தபோது சுவர் வெறுமையாக இருந்தது.

பழி யாரைச் சாரும்?

வாசக நேயர்களே, விளக்கில் வீழும் விட்டிலை நம் முன்னோர் உவமையாகக் கையாண்டதை நாம் அறிவோம். கண்ணின் ஆசையால் கெட்டழியும் மாந்தருக்கு அதனையே சான்றாகக் காட்டினர். சொற்பொழிவுகளிலும் இதனைக் கேட்டிருக்கிறோம். நாமே பிள்ளைகளுக்குக் கூறியும் இருக்கிறோம். ஒளியின்மேல் மோகம் கொண்டு தானே வந்து விழுந்து சாகிறது என்பது அதன் பொருள். விட்டில் நிலவைத் திசைகாட்டியாகக் கொண்டு பறப்பதால் விளக்கை நிலவென மயங்குகிறது என்று விளக்கம் தந்தோரும் உண்டு.

2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி முதலிய ஆய்வாளர்கள் இலண்டனில் ஆய்வுக்கூடத்திலும், நடு அமெரிக்க நாடாகிய கோஸ்டாரிக்காவின் காட்டுப் பகுதியிலும், விரைவாகப் படம்பிடிக்கும் கருவிகளைக் கொண்டு விளக்கருகே பறக்கும் பூச்சிகளைப் பதிவுசெய்தனர். அவர்கள் கண்டது இது: பெரும்பாலான பூச்சிகள் விளக்கை நோக்கி நேரே பாயவில்லை; தம் முதுகை விளக்கின் பக்கம் திருப்பின.

ஏன் அவ்வாறு திருப்ப வேண்டும்? மின்விளக்கு தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, இரவிலும் மண்ணைவிட வானமே வெளிச்சமானது. எனவே, வெளிச்சம் உள்ள பக்கமே மேற்பக்கம் என்று கொண்டு அதற்கு முதுகைக் காட்டிப் பறந்தால், பூச்சி கவிழாமல் நேராகப் பறக்கும். இது அதன் உடலில் ஊறிய நெறி. பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிந்தால், அதையே வானமெனக் கொண்டு உடலைச் சாய்க்கிறது. சாய்ந்ததால் விளக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்குக்கு மேலே பறக்க நேர்ந்தால், முதுகைக் கீழ்நோக்கித் திருப்பித் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. வானத்தைப் போலவே மேலிருந்து ஒளி பரவலாகப் பொழியுமாறு அமைத்தபோதோ, பூச்சிகள் தடுமாறாமல் தம் வழியே பறந்து சென்றன.

ஆக, விட்டில் ஆசையால் கெடவில்லை. தன் முன்னோர் நடந்த நேர்வழியில் தவறாமல் நடக்க முயன்றது; அவ்வழியின் குறுக்கே பொய்யான வானம் ஒன்றை நட்டுவைத்தவர்கள் நாம். நட்டதும் அன்றி, வீழ்ந்ததைக் காட்டி, “பார், பேராசையின் பயன்” என்று பாடமும் நடத்தினோம்.

இதனை எழுதும்போது எம் மகனை எண்ணிக்கொள்கிறோம். கைபேசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று அவனை எத்தனையோ முறை கடிந்துள்ளோம். அக்கருவியை அவன் கையில் முதலில் கொடுத்தவர்கள் யார்? வீழ்ந்தவரைப் பழிக்குமுன், அவர் வழியில் யார் ஏற்றிய விளக்கு எரிகிறது என்று பார்ப்பது இல்லறத்தார்க்கும் நன்று எனத் தோன்றுகிறது.

இப்போதைய விளக்கு

மறுநாள் காலை சுவரில், விட்டில் தங்கிய இடத்தில், செம்பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய முட்டைகள் ஒட்டியிருந்தன. எண்ணினோம், 17. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பல இலைகளில் பிரித்து இட வேண்டியவள், அவற்றுள் 17ஐ எம் சுண்ணாம்புச் சுவரில் இட்டுச் சென்றிருந்தாள். சுவரில் பொரியும் குஞ்சுப் புழு எதைத் தின்னும்? நண்பரின் ஆலோசனைப்படி மகன் அவற்றை மெல்லிய அட்டையால் பையப் பெயர்த்தெடுத்து, கறுவா இலைகளுடன் ஒரு டப்பாவில் இட்டு, நிழலில் வைத்தான். பன்னிரண்டாம் நாள் 9 புழுக்கள் வெளிவந்தன. அவற்றைத் தோட்டத்துக் கறுவா மரத்தில் விட்டான். ஒரு வாரம் கழித்து மூன்றைக் கண்டோம். அதன்பின் ஒன்றும் எம் கண்ணுக்குத் தென்படவில்லை. எறும்புக்கும் பறவைக்கும் இரையாயினவோ, உச்சிக் கிளைக்கு ஏறினவோ, இறைவனுக்கே வெளிச்சம்.

விளக்கையோ மாற்றிவிட்டோம். அன்னையாரின் நடைபாதைக்கு ஒளி வேண்டும். தோட்டத்திற்கும் வானத்திற்கும் வேண்டுவதில்லை. எனவே உச்சியிலிருந்த வெள்ளை விளக்கைக் கழற்றி, படியருகே முழங்காலளவு உயரத்தில், தகரக் கவிகை மூடிய மஞ்சள் நிறச் சிறு விளக்கு இரண்டைப் பொருத்தினோம். ஒளி கீழ்நோக்கி மட்டுமே விழும். நீலங்கலந்த வெள்ளொளியைவிட மஞ்சளொளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வருகின்றன. அன்னையாரின் கட்டிலருகே ஒரு சுவிட்சு. எழும்போது போடுவார், திரும்பியதும் அணைப்பார். படியில் பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்தோம். இதனை முன்பே செய்திருந்தால் அவர் அன்று விழுந்தே இருக்க மாட்டார் என்பது இப்போது விளங்குகிறது. பெரிய விளக்கைப் பொருத்தியதும் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம்.

நேயர்கள் எவரேனும் இத்தகைய விருந்தினரைக் காண நேர்ந்தால், எம் அனுபவத்திலிருந்து சில சொற்கள். சிறகைப் பிடிக்க வேண்டாம். செதில் உதிரும், சிறகும் கிழியும். பிளாஷ் இன்றி, பக்கவாட்டு ஒளியில் படம் எடுங்கள். அளவு விளங்க ஓர் அளவுகோலையோ கையையோ அருகில் வையுங்கள். இடமும் நாளும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட விட்டில் இனங்கள் உள்ளன. எளியோர் எடுக்கும் படங்களும் அவை வாழும் இடங்களை அறிஞர் அறியத் துணைசெய்கின்றன. எம் படத்தையும் நண்பர் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்னும் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார். படம் எடுத்து முடிந்ததும், விளக்கை அணைத்துவிடுங்கள்.

அண்டை வீட்டுப் பெரியவர் சென்ற வாரம் வந்திருந்தார். எம் அன்னையார் நலமாகவே இருக்கிறார் என்பதைக் கண்டு மகிழ்ந்தார். முன்னறைச் சுவரில் மாட்டியுள்ள அந்தப் படத்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, “இது போன மழைக்கு வந்ததுதானே? இந்த மழைக்கு வரவில்லையா?” என்று கேட்டார்.

வரவில்லை. வந்திருந்தாலும், எம் வீட்டில் நில்லாமல் தன் வழியே சென்றிருக்கும் என்று நம்புகிறோம். காலையில் முறத்தில் அள்ளுவதற்கு இப்போது அதிகம் ஒன்றும் இருப்பதில்லை.